கை பொறுக்கும் சூடு

அஞ்சலாட்சி மறுபடியும் எழுந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த பெண்கள் முந்தானையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. கூடத்தின் நடுவில் ஐஸ் பெட்டிக்குள் அவள் புருஷன் ராஜவேல் படுத்திருந்தார். பெட்டியைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள், ஸ்டவ்வைப் பார்த்தாள், திரும்பி வந்தாள். காலையிலிருந்து இதே வேலை.

"ஒரு எடத்துல குந்தேன் அஞ்சல. மயக்கம் போட்டு வுழப் போற," என்றாள் கமலவேணி. ராஜவேலுக்கு அக்கா. விடியற்காலையில் வந்து இறங்கியவள், தன் அழுகையை ஒதுக்கிவைத்துவிட்டு சாங்கியங்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப அண்ணி குளிப்பாட்டுறது?"

"மேளக்காரங்க டீ குடிச்சிட்டு வரட்டும். ஒம்புள்ள கொடத்துல தண்ணி புடிச்சி வச்சிட்டான்."

"பச்சத் தண்ணியா?"

கமலவேணி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "பின்ன?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனுஷர் பச்சைத் தண்ணீரில் குளித்ததில்லை. மில் வேலைக் காலத்தில் ஷிப்ட் முடிந்து தலை, மீசையெல்லாம் பஞ்சோடு வருவார். அடுப்பில் தவலை தயாராக இருக்கும். மில்லை மூடினார்கள். பஞ்சு போயிற்று, பழக்கம் போகவில்லை. கத்திரி வெயிலில் முத்தியால்பேட்டையே வேர்த்துக் கொட்டும்போதும் வெந்நீர்தான். பாத்ரூமிலிருந்து ஆவியோடு குரலும் வரும். "ஏண்டி, நான் குளிக்கவா, கோழிக்கு றெக்க புடுங்கவா?" "தோலு உரிஞ்சாதான் அழுக்கு போவும்," என்பாள் இவள். பேத்தி அபி சிறுசாக இருந்தபோது இந்தச் சண்டையைக் கேட்பதற்கென்றே கதவுக்கு வெளியே வந்து நிற்கும்.

"கொஞ்சம் சுடுதண்ணி வச்சிடறேன் அண்ணி."

"நல்லாருக்கே! பொணம் கெடக்கிற வூட்ல அடுப்பு பத்த வைக்கிறதா? பக்கத்து வூட்லயே இன்னும் ஒல வைக்கல."

பொணம். நேற்றுச் சாயங்காலம் டீ கேட்ட மனுஷர். ஆற்றி எடுத்து வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. ஒரு ராத்திரிக்குள் பேரை மாற்றிவிட்டார்களே என்று அஞ்சலாட்சிக்கு ஆத்திரமாக வந்தது. அதை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

"அவருக்குச் சில்லுனு இருந்தா ஆவாது அண்ணி. ராத்திரி பூரா அந்தப் பெட்டியிலயே..."

மூலையில் அழுது வீங்கிய முகத்தோடு இருந்த அபி எழுந்து உள்ளே போனாள். வரும்போது ஒரு கையில் பக்கெட் தண்ணீர், மறு கையில் ஹாஸ்டலில் அவள் வைத்திருந்த ஹீட்டர் ராடு.

"அடுப்புதான பத்த வைக்கக் கூடாது, பெரிய ஆயா? இது அடுப்பு இல்லியே."

எல்லோரும் கமலவேணியைப் பார்த்தார்கள். அவள் ராடைப் பார்த்தாள். பெட்டிக் கண்ணாடிக்குள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"கரண்டு நெருப்புல சேராது," என்றாள்.

ஆனால் ராடு போடுகிற பெரிய ப்ளக் வீட்டில் ஒன்றுதான். அதில் ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அபி தயங்கினாள்.

"அப்பாவ கேட்டுக்கவா ஆயா?"

"ஒங்கப்பன என்னா கேக்கறது?"

அஞ்சலாட்சி குனிந்து சுவிட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கினாள். ராத்திரியெல்லாம் இரைந்துகொண்டிருந்த பெட்டி அடங்கியது. தெருவில் ஆட்டோ போகும் சத்தம் கூடத்துக்குள் தெளிவாகக் கேட்டது. தண்ணீர் காயும்வரை அவள் பக்கெட்டை விட்டு நகரவில்லை.

ராஜவேலை வாசலில் பெஞ்சின் மேல் கிடத்தினார்கள். கமலவேணி தம்பி தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தாள். மகன் புருஷோத்தமன் குடத்தைத் தூக்கினான்.

"இருடா," என்றாள் அஞ்சலாட்சி.

அபி பக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஆவி பறந்தது. அஞ்சலாட்சி விரலை விட்டு, வெடுக்கென்று எடுத்தாள்.

"சுடுது. கொஞ்சம் பச்சத் தண்ணி விளாவு."

புருஷோத்தமன் குடத்தைச் சாய்த்தான். அவள் கலக்கிப் பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம்."

சுடுகாட்டு வண்டிக்காரர் செல்போனில் மணி பார்த்துவிட்டு, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. இந்தமுறை கையைத் தண்ணீரிலேயே வைத்திருந்தாள். பிறகு ஒரு கை அள்ளி அவர் காலில் விட்டுவிட்டு, முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.