அப்பாவுக்கு வரும் போன்

சட்டையைக் கழற்றும் முன் பையைப் பார்த்துவிடச் சொன்னாள் அத்தை. தையல்காரி இறந்து கிடந்த தன் அப்பாவின் மேல் குனிந்து, தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல இரண்டு விரலை மட்டும் பைக்குள் விட்டாள். மூக்குக் கண்ணாடி வந்தது. பழைய பட்டன் போன் வந்தது. அடியில் ஏதோ விரலைக் குத்தியது. எடுத்துப் பார்த்தால் இரண்டு திருகாணி, கடைப் பளபளப்பு மாறாமல்.

"இத எதுக்குடி பையில வெச்சிருந்தாரு?"

"தாழ்ப்பாளுக்கு அத்தை."

சமையலறைப் பின்கதவில் அந்தத் தாழ்ப்பாள் அரைகுறையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் தடிமன் இரும்பு. மேலே இரண்டு திருகாணி ஏறியாகிவிட்டது, கீழே வெறும் ஓட்டைகள். நேற்றுக் காலை அதை மாட்டிக்கொண்டிருந்தவர்தான் ஸ்டூலிலிருந்து இறங்கி, "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று தரையில் உட்கார்ந்தார். அவள் தண்ணீரோடு திரும்பியபோது தலை சுவரில் சாய்ந்திருந்தது. மடியில் கிடந்த கையில் திருப்புளி. டிப்போவில் முப்பது வருஷம் பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை பார்த்த மனுஷர், கையில் கருவியோடுதான் போனார்.

"அந்தக் கதவுக்கு ஏற்கெனவே ரெண்டு தாழ்ப்பா இருக்கு. மூணாவது எதுக்காம்?"

"கேட்டேன். பழசு துருப்பிடிச்சுப் போச்சுன்னார்."

அத்தை உதட்டைப் பிதுக்கினாள். அண்ணன் எதையும் நேராகச் சொல்கிற ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியாததா?

பின்கதவென்றால் அந்த வீட்டில் யாரும் சும்மா பேசிவிட மாட்டார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால், புருஷன் வேண்டாமென்று அப்பா வீட்டுக்கு வந்திருந்த தையல்காரியைத் தேடி அவன் அந்த வழியாகத்தான் வந்தான். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையிலிருந்த கத்தியையே பிடுங்கிக் கழுத்தில் போட்டான். பிழைத்தாள், அவன் ஜெயிலுக்குப் போனான். அன்றிலிருந்து தனக்குத் தைத்துக்கொள்ளும் ரவிக்கைக்கெல்லாம் காதுவரை ஏறும் கழுத்துப்பட்டி வைத்துக்கொண்டாள். என்றைக்காவது மனசு படபடத்தால் மெஷினை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்ப்பாள். கேட்காமலே புரிந்துகொள்வார். போன மாசம்கூடச் சொன்னார்: "அவன் உள்ளதான் இருக்கான். இன்னும் நாலு வருஷம் கெடக்கு. நீ தை." அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஊசிக்கு நூல் கோத்தாள், சோறு தின்றாள், கண்ணை மூடினாள்.

குளிப்பாட்டி, துவைத்த சட்டை போட்டுக் கூடத்தில் கிடத்தினார்கள். சாவு வீட்டுக் கதவைச் சாத்தக் கூடாதென்று அத்தை முன்கதவையும் பின்கதவையும் விரியத் திறந்து வைத்துவிட்டாள். டிப்போ ஆட்கள் கும்பல் கும்பலாக வந்தார்கள். தெரிந்த முகம் பாதி, தெரியாத முகம் பாதி. வாசலில் செருப்பு குவிந்தது. அந்தக் குவியலுக்குள் அப்பாவின் செருப்பும் அவருடைய பழைய டிப்போ பூட்ஸும் கிடந்தன.

"வீட்டுல இருக்கறது ஒத்த ஆம்பள. வாசல்ல எப்பவும் ரெண்டு ஜோடி," என்று அத்தை மூக்கைச் சிந்தினாள். "போடாத பூட்ஸுக்கு வாராவாரம் பாலிஷ் வேற. இங்க வர்ற ஒவ்வொரு தரமும் தடுக்கி விழுறது நான்."

அப்போதுதான் அப்பாவின் போன் அடித்தது.

திரையில் பெயர் இல்லை, நம்பர் மட்டும். அத்தை எட்டிப் பார்த்து, அழுத கண்ணோடே காதில் கிசுகிசுத்தாள். "அவதான்டி. உங்கப்பனோட சிநேகிதி."

இது வீட்டில் பழைய கேலி. எப்போதாவது அந்த போன் வரும். அப்பா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, பெரிய மனுஷரைப் பார்க்கப் போகிறவர்போலப் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் போய்விடுவார். ஒருநாள் அத்தை ஜன்னலில் காது வைத்துக் கேட்டாள், பொம்பளைக் குரல். அதற்கப்புறம் சும்மா விடுவாளா? "என்னண்ணே, கல்யாணச் சாப்பாடு எப்ப?" என்பாள். அப்பா மறுத்ததே இல்லை, சிரித்துக்கொள்வார்.

"பேசிடு கண்ணு. பாவம், அவளுக்கும் சொல்லணும்ல."

தையல்காரி போனை எடுத்துக்கொண்டு அதே துவைக்கிற கல்லுக்குப் போனாள்.

"வணக்கம் ஐயா. நான்தான். பொண்ணு பக்கத்துல இல்லியே?"

"பொண்ணுதான் பேசுறேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அப்பாகிட்ட குடுங்கம்மா."

"கூடத்துல கெடத்தியிருக்கோம். நேத்து போயிட்டார். நீங்க யாரு?"

"அடக் கடவுளே." குரல் உடனே சமாளித்துக்கொண்டது. "சிறைத்துறைம்மா. பாதிக்கப்பட்டவங்களுக்குத் தகவல் சொல்ற பிரிவு."

அவள் கை தானாகக் கழுத்துக்குப் போய் மேல் பட்டனைப் போடப் பார்த்தது. அது போட்டுத்தான் இருந்தது.

"சொல்லுங்க. என்ன தகவல்?"

"உங்ககிட்ட சொல்ல முடியாதும்மா."

"வெட்டு வாங்கினது நான்."

"தெரியும்மா. ஆனா பதிவுல அப்பா பேர்தான் இருக்கு. உங்களுக்கு எந்தத் தகவலும் வேணாம்னு நீங்களே ஆஸ்பத்திரில கையெழுத்துப் போட்டிருக்கீங்க. வேணாம்னவங்களுக்கு நாங்க சொல்லவே கூடாது. மாத்தணும்னா நேர்ல வந்து எழுதித் தரணும்."

ஞாபகம் வந்தது. கழுத்தில் கட்டோடு படுத்திருந்தபோது கண்ணாடி போட்ட ஒருத்தி வந்தாள். அவனை வேறு சிறைக்கு மாற்றினாலோ, வெளியே விட்டாலோ முன்கூட்டியே சொல்வோம், விருப்பமா என்றாள். பேச முடியாதவள் அந்தக் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி 'வேண்டாம்' என்ற இடத்தில் காகிதம் கிழிகிற மாதிரிக் கோடு போட்டாள். அவன் பேர்கூடத் தன் காதில் விழக் கூடாது என்றிருந்தது. அந்தப் பெண் எழுந்து போனபோது அப்பாவும் பின்னாலேயே வராந்தாவுக்குப் போனார். டீ வாங்கப் போகிறார் என்று நினைத்தாள்.

"இப்பவே வந்து எழுதித் தரேன்."

"இன்னைக்கும் நாளைக்கும் லீவும்மா. நான் மட்டும்தான் டூட்டியில இருக்கேன். அப்பா போன வாரம் உங்ககிட்ட எதுவும் சொல்லலியா?"

"தாழ்ப்பா வாங்கிட்டு வந்தார்."

அந்தப் பக்கம் ஏதோ காகிதம் புரண்டது.

"அப்ப இன்னைக்கு எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"முன்னாடி சொன்ன விஷயம் நடந்து முடிஞ்சதும் ஒரு தரம் கூப்பிட்டு உறுதி சொல்வோம். அது எங்க வழக்கம்." எதையோ பார்த்துப் படிப்பதுபோல இருந்தது. பிறகு குரல் இறங்கியது. "வீட்ல ஆள் இருக்காங்களாம்மா?"

"இன்னைக்கு வீடு நெறைய இருக்காங்க."

"எல்லாரும் போனப்புறம்?"

அவள் திரும்பித் திறந்து கிடந்த பின்கதவைப் பார்த்தாள்.

"ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லி வைங்க."

"என்னன்னு சொல்றது? நீங்கதான் ஒண்ணும் சொல்லலியே."

"அப்பா ரொம்ப நல்ல மனுஷர்ம்மா," என்றாள் போன்காரி. "ஒவ்வொரு தரமும், 'அவளுக்குத் தெரிய வேணாம், நான் பாத்துக்கறேன்'னு சொல்லிட்டுத்தான் போனை வெப்பார்." அதோடு வைத்துவிட்டாள்.

திரும்பி உள்ளே வந்தவளுக்கு வீடு வேறு வீடாகத் தெரிந்தது. பின்வாசலில் நின்றால் நேரே முன்வாசல், அதைத் தாண்டித் தெரு. எல்லாம் ஒரே கோட்டில் திறந்து கிடந்தது. குனிந்து கும்பிடும் ஒவ்வொரு ஆணும் நிமிர்ந்து முகம் காட்டும்வரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அவதானா? என்ன சொன்னா?" என்றாள் அத்தை.

தையல்காரி அத்தையைப் பார்த்தாள். முட்டிவலி, ரத்தக்கொதிப்பு, போதாததற்கு நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

"ஒண்ணும் இல்ல அத்தை. விசாரிச்சா."

வண்டி வந்து அப்பாவை ஏற்றும்போது, போன வருஷம் எதிர்வீட்டுக்குக் குடிவந்த வாத்தியார் பக்கத்தில் வந்தார்.

"தெருமுனைல ஒருத்தர் ரொம்ப நேரமா நின்னுட்டிருந்தார்மா. தோள்ல ஒரு பை. யார் வீட்டுச் சாவுன்னு கேட்டார், பெரியவர் போயிட்டார்னேன். உள்ள வந்து முகம் பாத்துட்டுப் போங்களேன்னேன். 'கூட்டம் போகட்டும், அப்புறமா வந்து பாத்துக்கறேன்'னுட்டுப் போயிட்டார். உங்க சொந்தமோ?"

"தெரியலீங்க," என்றாள்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. அத்தை வீட்டைக் கழுவிவிட்டாள். அந்தத் தண்ணீரெல்லாம் முன்பக்கம் ஓடி, வாசலிலிருந்து கேட் வரை சேறாகிக் கிடந்தது. ஒவ்வொருவராகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள். வாத்தியாரும் விளக்கைப் போட்டுக்கொண்டு தன் வீட்டுக் கதவைச் சாத்தினார்.

"நான் ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் கண்ணு," என்ற அத்தை, கூடத்தில் பாயை விரித்து அப்படியே சாய்ந்துவிட்டாள்.

தையல்காரி ஸ்டூலைப் பின்கதவோரம் இழுத்துப்போட்டு, அப்பா கடைசியாகப் பிடித்திருந்த திருப்புளியை எடுத்தாள். ஊசியும் கத்தரியும் பழகின கை. முதல் திருகாணி வழுக்கியது, இரண்டாவது பிடித்தது. இரண்டையும் தோள் நோக முடுக்கி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள்.

"இந்நேரத்துல என்னடி பண்றே?" கண்ணைத் திறக்காமலே அத்தை கேட்டாள்.

"பழசு துருப்பிடிச்சுப் போச்சு அத்தை."

"வாசல்கிட்ட ஒரு பை வெச்சிருக்கேன், நாளைக்கு யாருக்காவது குடுத்துடணும். அண்ணன் செருப்பு, பூட்ஸு எல்லாம் அதுல இருக்கு."

"சரி."

அத்தையின் மூச்சு குறட்டையாகும்வரை காத்திருந்தாள். பிறகு பையிலிருந்து செருப்பை எடுத்து வாசற்படியில் வைத்தாள். பூட்ஸையும் எடுத்தாள். அப்பா கடைசியாகப் போட்ட பாலிஷ் இன்னும் மின்னியது. அவள் காலுக்கு அது தோணி மாதிரி. மெஷினடியில் கிடந்த வெட்டுத்துணிகளை அள்ளி நுனிவரை திணித்தாள், காலை நுழைத்தாள், கயிற்றை இறுக்கினாள்.

சுவரோரம் இருந்த காய்ந்த கல்வரிசையில் கால் வைத்துக் கேட் வரை போனாள். தெருமுனையைப் பார்க்கவில்லை. கேட்டை இழுத்துக் கொண்டி போட்டாள். அங்கிருந்து திரும்பி, நடுச் சேற்றில், அப்பா வேலை விட்டு வருவதுபோல அகல அகலமாக, குதிகாலை அழுத்தி அழுத்தி வைத்து வாசல் வரைக்கும் நடந்து வந்தாள்.

படியில் உட்கார்ந்து கழற்றினாள். ஒன்றை நேராக வைத்தாள். இன்னொன்றை, அவர் எப்போதும் விடுவதுபோல, கொஞ்சம் சாய்த்துவிட்டாள். வாசல் விளக்கைப் போட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சேற்றில் கேட்டிலிருந்து படிவரைக்கும் தடம் பதிந்திருந்தது. ஓர் ஆள் உள்ளே வந்த தடம். வெளியே போன தடம் இல்லை.