தமிழுக்கு இரண்டை அழுத்தவும்

சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று. நான் வேலை செய்யும் டெலிபோன் கம்பனிக்கு நீங்கள் கோல் எடுத்தால் முதலில் கேட்பது இதுதான். இரண்டை அழுத்தினால் நான் வருவேன். ஆள் குறைந்த நாட்களில் எதை அழுத்தினாலும் நான்தான். மூன்று மொழியிலும் ஏச்சு வாங்கியவன் என்ற பெருமை எனக்கு உண்டு.

போன வருடம் பெப்ரவரியில் ஒரு பகல், இன்ரநெற் வேலை செய்யவில்லை என்று மட்டக்குளியிலிருந்து ஒரு அம்மணி ஏசிக்கொண்டிருந்தபோது என் வாய் நின்றுபோனது. சொல்ல வேண்டியது மனதில் இருந்தது, வாய்க்கு வரவில்லை. பிறகு வலது கை இழுத்தது. கண் முழித்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மூளையின் இடப்பக்கம் ஒரு கட்டி என்றார்கள். எனக்கு வயது இருபத்தாறு. ஒரு சிகரெட் கூடப் பிடிக்காதவனுக்கு ஏன் இது என்று கோபம்தான் முதலில் வந்தது. பயம் வர இரண்டு நாள் எடுத்தது.

கட்டி மெதுவாக வளரும் சாதி, ஆனால் பேச்சு இருக்கும் இடத்தில் வளர்கிறது என்றார் டொக்டர். மண்டையைத் திறந்தபின் என்னை எழுப்புவார்களாம். படம் காட்டிப் பெயர் கேட்பார்களாம். நான் சொல்லச் சொல்ல டொக்டர் மெல்லிய கரண்ட் குச்சியால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்ப்பார். எந்த இடத்தில் சொல் நிற்கிறதோ அந்த இடத்தில் கத்தி வைக்கமாட்டார். டொக்டர் சிங்களத்தில் சொன்னதை, பேச்சுச் சிகிச்சை படிக்கும் கொட்டாஞ்சேனைப் பெண் றஷ்மி அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள்.

"ஒவ்வொரு மொழிக்கும் இடம் கொஞ்சம் மாறலாம், அன்ரி. இவர் களைச்சுப்போவார். அதால ஒரு மொழியத்தான் வடிவாப் பாக்கலாம். எது முக்கியம் எண்டு..."

"இங்கிலிஷ்," என்றார் அம்மா. றஷ்மி சொல்லி முடிக்கவே இல்லை.

அம்மாவுக்கு இங்கிலிஷ் தெரியாது. கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து இருபத்தெட்டு வருடம். மீன்காரனோடு பேரம் பேசுமளவு சிங்களம் உண்டு. மற்றதெல்லாம் தமிழ். அப்பா போனபின் வீட்டில் நானும் அவரும்தான்.

கொரிடோரில் சண்டை பிடித்தோம்.

"தமிழ் உனக்கு எதுக்கு? என்னோட கதைக்க மட்டும்தானே. நான் எத்தினை வருசம் இருக்கப்போறன்? நீ உழைக்கோணும், வெளியால போகோணும்."

"அப்ப நீங்கள் என்னோட எதில கதைப்பீங்கள்?"

"கதைக்காட்டி என்ன? நீ சாப்பிடுறதைப் பாத்துக்கொண்டிருப்பன்."

எனக்கு அழுகை வந்தது. ஆட்களுக்கு முன்னால் அழப் பிடிக்காது, அதனால் கத்தினேன். "விசர்க்கதை கதையாதேங்கோ, அம்மா!" பக்கத்தில் நின்ற நர்ஸ் திரும்பிப் பார்த்தார். பிறகு சரி, இங்கிலிஷ் என்று அம்மாவுக்குத் தலையாட்டினேன். டொக்டரின் அறைக்குள் போய்த் தமிழ் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் றஷ்மி படக் கட்டுகளோடு வந்தாள். எனக்கு இப்போதே பெயர் வராத படங்களைத் தூக்கி வைத்துவிட வேண்டும், அப்போதுதான் நாளைக்கு வராதது கத்தியால் வராதது என்று தெரியும். மின்விசிறியைக் காட்டினாள். "ஃபேன்" என்றேன். அடுத்தது "சுவிட்ச்." அதற்கடுத்தது "பிறிஜ்."

"அய்யோ, தமிழில சொல்லுங்கோ."

"இதுதான் தங்கச்சி எங்கட தமிழ்."

சிரித்துக்கொண்டே பாதிக் கட்டைத் தள்ளி வைத்தாள். மிஞ்சியது வாளி, குடை, உரல், அகப்பை மாதிரிச் சாமான்கள்.

அடுத்த நாள் விழித்தபோது தலை என்னுடையது போலவே இல்லை. வலி இல்லை, ஏதோ இழுபடுவது மட்டும் தெரிந்தது. எனக்கு மேலே கட்டியிருந்த துணிக்குக் கீழே றஷ்மியின் முகம். குடை. வாளி. முயல். ஒரு படம் வந்தது. அம்மா சோறு போடும் சாமான், சின்ன வயதில் எனக்கு முதுகில் விழுந்த சாமான். எல்லாம் தெரியும். பெயர் மட்டும் இல்லை. றஷ்மி ஏதோ சிங்களத்தில் கத்தினாள். டொக்டர் கையை எடுத்தார்.

"அகப்பை," என்றேன். "அகப்பை, அகப்பை."

அந்த இடத்தை விட்டுவிட்டார்கள். அதனால் கட்டியில் ஒரு கடலை அளவு உள்ளே தங்கிவிட்டது.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னது றஷ்மிதான், நல்ல செய்தி என்று நினைத்து. "தமிழ் முழுக்கத் தப்பிட்டுது, அன்ரி." அம்மா ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்தும் அந்தக் கதையை எடுக்கவில்லை. ஏசாத அம்மாவோடு இருப்பது பெரிய கஷ்டம்.

நான் பழையபடி வேலைக்குப் போனேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான். அம்மா செவ்வாயும் வெள்ளியும் பின்னேரத்தில் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். எனக்காக நேர்த்திக்கடன் என்று நினைத்தேன். போய்வருபவரின் நெற்றியில் திருநீறு இல்லாததை ஒரு நாளும் கவனிக்கவில்லை.

நாலாவது ஸ்கான் போன கிழமை. கடலை கொஞ்சம் பெருத்திருக்கிறது. அவசரமில்லை, ஆனால் இன்னொரு தரம் திறக்க வேண்டி வரும் என்றார் டொக்டர். வீட்டுக்கு வந்து எப்படிச் சொல்வது என்று தெரியாமல் குசினி வாசலில் நின்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார், அடுப்பை நிற்பாட்டினார், அகப்பையைத் தூக்கிப் பிடித்தார்.

"திஸ் இஸ் எ ஸ்பூன்," என்றார். பிறகு யோசித்து, "பிக் ஸ்பூன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அரிசி வாளிக்குப் பின்னாலிருந்து தடித்த மட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பியை எடுத்து நீட்டினார். பாமன்கடைப் பக்கம் மாடியில் நடக்கும் இங்கிலிஷ் வகுப்பு. கனடாவுக்குப் போகச் சோதனை எடுக்கும் பிள்ளைகளுக்கு நடுவே, அறுபத்தொரு வயதில், பத்து மாதமாக இருந்திருக்கிறார். கொப்பி முழுக்க அம்மாவின் குண்டு எழுத்து. ஐ ஆம் கோயிங். யூ ஆர் கோயிங். மை சன் இஸ் கோயிங் டு ஒஃபிஸ்.

"டொக்டரிட்டச் சொல்லு," என்றார். "இந்த முறை தமிழைப் பாத்துக்கொண்டு நிக்க வேண்டாம். முழுக்க எடுக்கட்டும். நான் இங்கிலிஷில சமாளிப்பன்."

நான் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து திரும்பப் புரட்டினேன். அம்மா என்னைப் பிடித்து மேசையடியில் இருத்தி, சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்தார்.

"யூ ஈட்?"

"யெஸ், அம்மா," என்றேன்.

சோற்றை அள்ளிப் போட்டுவிட்டு, எதிரே இருந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.