நாலு விரல் தண்ணீர்

மழைக்காலத்தில் வாவி நிரம்பினால், கல்லாற்றுப் பக்கம் ஆற்றுவாயை அடைத்துக் கிடக்கும் மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். வெட்டினால் எங்கள் வயல் தப்பும். ஆனால் முந்தி வெட்டினால், வளராத இறால் குஞ்செல்லாம் கடலோடு போய்விடும். மீன்பிடிக்காரருக்கு அந்த வருடமே இல்லை. இதற்காக எத்தனை தரம் அடிபட்டோம் என்று கேட்காதீர்கள். கடைசியில் இரண்டு பக்கமும் கூடி, வாவிப் பாலத்துத் தூணில் சிவப்புக் கோடு ஒன்று போட்டோம். தண்ணீர் கோட்டைத் தொட்டால்தான் வெட்டு. தினமும் காலையில் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே வாயாகச் சொன்னது என் பெயரை. இராசதுரை பொய் சொல்லமாட்டான் என்று பெயர் எடுத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

போன மாரியில் நான் பொய் சொன்னேன்.

எங்கள் வயல் வட்டையில் நெல் குடலையாக, கதிர் வெளியே வராமல் நின்ற நேரம். மூன்று நாளாகப் பயிர் தண்ணீருக்குள். நாலாம் நாள் காலை பாலத்துக்குப் போனேன். தண்ணீர் கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது. மழையும் விட்டிருந்தது, இனி ஏறாது என்று எனக்குத் தெரியும். சுற்றிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. போனை எடுத்து, "கோட்டைத் தொட்டுட்டு" என்று இரண்டு பக்கத்தாரும் இருக்கிற வெட்டுக் குழுவுக்குச் சொன்னேன். மத்தியானத்துக்குள் வெட்டிவிட்டார்கள். எங்கள் வயல் தப்பியது. வாவியில் இறால் இல்லாமல் போனது.

மாரி முடிந்து கூட்டம் வைத்தார்கள். மீன்பிடிப் பக்கத்தில் தக்ஷாயினி என்ற பெண் எழும்பினாள்.

"கோட்டைத் தொட்டதெண்டு ஆரு கண்ட? படம் எங்க?"

அவர்களுடைய சங்கத் தலைவன் உதயரூபன்தான் பதில் சொன்னான். "இராசதுரை அண்ணன் சொன்னாப் பிறகு படம் என்னத்துக்கு? வாற மாரிக்கும் அவரே பாக்கட்டும்."

"நீ வயல்காரர்ர ஆள்!" என்று அவன் ஆட்களே கத்தினார்கள். எங்கள் பக்கம் கைதட்டியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

தேத்தண்ணிக்கு எழும்பியபோது உதயரூபனை வெளியே கூப்பிட்டேன். "தம்பி, அண்டைக்கு நான் சொன்னது பொய்."

"தெரியும் அண்ணன். நீங்க சொன்ன கையோட நானும் போய்ப் பாத்தன். நாலு விரல் குறைய நிண்டது."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா அண்டைக்கே வெட்டுக்குத்து. பிறகு அந்தக் கோட்ட ஆரு மதிப்பாங்க? பழையபடி ரெண்டு பக்கமும் மண்வெட்டியோட வந்து நிப்பம்."

"உன்ட வலை?"

"காஞ்சுதான் கிடந்த." கோபமாகச் சொல்லவில்லை. கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். "இப்பவும் ஒண்டும் சொல்லாதீங்க அண்ணன். கோடு நிண்டாக் காணும், வேற ஒண்டும் வேணாம்."

அதைக் கேட்டதும், அப்பாடா என்று ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதற்குத்தான் நான் அதிகம் வெட்கப்படுகிறேன். என் பொய்யை அவன் சுமக்கிறான், அவன் ஆட்களிடம் பேச்சு வாங்குகிறான், எனக்கு நிம்மதி! சீ என்றாகிவிட்டது. உள்ளே போய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். உதயரூபனுக்கு எல்லாம் தெரியும் என்பதையும், அவன் ஏன் வாய் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

சத்தம் போடுவார்கள் என்று நினைத்தேன். மீன்பிடிக்காரர் என்னை விட்டு உதயரூபனைத் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தை நடத்திய அதிகாரி பேனையை எடுத்தார். இனிமேல் பக்கத்துக்கு ஓர் ஆளாக இரண்டு பேர் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று எழுதினார்.

"மீன்பிடிப் பக்கம்?"

"உதயரூபன்" என்றாள் தக்ஷாயினி.

"வயல் பக்கம்?"

பழக்கதோஷத்தில் நான் நிமிர்ந்துதான் இருந்தேன். எங்கள் ஆட்கள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். இரண்டு மூன்று பெயர்கள் காதில் விழுந்தன. என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை, அந்தப் பொய்யால் வயல் தப்பியவர்கள்கூட.