எதுவும் சேர்க்காத ஆறு குழாய்கள்

எதுவும் சேர்க்காத ஆறு குழாய்களிலும் கந்தகம் இடம் மாறியிருந்தது. மாறியிருக்கக் கூடாது.

கந்தக டை ஆக்சைடில் உள்ள கந்தகத்துக்குக் கதிரியக்க அடையாளம் வைத்து, அதைக் கந்தகமுள்ள இன்னொரு சேர்மமான தயோனைல் குளோரைடோடு ஒரே கண்ணாடிக் குழாயில் அடைத்தால், இரண்டும் தத்தம் கந்தகத்தை விட்டுக்கொடுக்காது. துளி குளோரைடு உப்பு நடுவே புகுந்தால்தான் கைமாற்றிக்கொள்ளும். அது எப்படி நடக்கிறது என்று ஆராய்ச்சி மாணவி மூன்று வருடம் பாடுபட்டு ஒரு வழிமுறை வகுத்திருந்தாள். உப்பில்லாமலே மாறுகிறதென்றால் அத்தனையும் வீண். ஆய்வேடு கொடுக்க மூன்றே வாரம் இருந்தது.

காலிக் குழாய்களைத் தீயில் இளக்கி ஒடுக்கமாகக் கழுத்து இழுத்துக் கொடுப்பதும், நிரப்பியபின் உருக்கி மூடுவதும் ஆய்வகக் கண்ணாடிக்காரர் வேலை. நேரே அவரிடம் போனாள்.

"அண்ணே, அந்த ஆறு குழாயை என்ன பண்ணீங்க?"

"கழுத்து இழுத்தேன், மூடினேன். வேறென்ன, தாலாட்டா பாடினேன்?"

"பாடியிருந்தாலும் பரவாயில்ல. நல்லா யோசிங்க. என் மூணு வருஷமே இதுலதான் இருக்கு."

அவர் தீச்சுடரை அணைத்தார். வாய் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் உண்மையை விழுங்க முடியாத தொண்டையை இறைவன் சிலருக்குக் கொடுத்துவிடுகிறான்.

"அன்னிக்கு உனக்குக் காய்ச்சல்மா. கண்ணெல்லாம் சிவந்து நின்ன. குழாய்ல தூசி இருந்துச்சு. நீ மறுபடி கழுவணுமேன்னு பாவமா இருந்துச்சு. நானே அலசிக் காய வச்சேன்."

"எந்தத் தண்ணில?"

தொட்டிமேல் இருந்த தண்ணீர்க் குழாயை முகவாயால் காட்டினார்.

"அண்ணே! அதுல குளோரைடு இருக்கே!"

"குடிக்கிற தண்ணிதானேம்மா?"

"நீங்க குடிக்கலாம். என் கந்தகம் குடிக்கக் கூடாது."

கோபப்படத்தான் வந்தாள்; சிரிப்பு வந்துவிட்டது. அன்றே, சாப்பாட்டைத் தள்ளிவைத்து, அவர் புதிதாக ஆறு குழாய்களுக்குக் கழுத்து இழுத்தார். மூன்றைத் தொட்டித் தண்ணீரிலும் மூன்றைக் காய்ச்சி வடித்த நீரிலும் அலசிக் காயவைத்து, உப்பு சேர்க்காமல் நிரப்பி மூடினார்கள்.

பத்தாம் நாள் குழாய்களைத் திறந்து கதிரியக்கத்தை எண்ணிப் பார்த்தாள். தொட்டித் தண்ணீர் பட்டவற்றில் கந்தகம் மாறியிருந்தது. மற்றவற்றில் அசையவே இல்லை.

"அப்ப என் மேல தப்பில்லையா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"தப்புதான். ஆனா ஒட்டியும் ஒட்டாம இருக்கிற உப்பே போதும்னு உங்களாலதான் தெரிஞ்சுது. புதுசா ஒரு அத்தியாயமே எழுதணும்."

"அடடா, மறுபடி வேலை வச்சிட்டேனே! இனிமே உன் குழாயைத் தொடவே மாட்டேன்."

"தொடுங்கண்ணே," என்றாள் அவள். "கேட்டுட்டுத் தொடுங்க."