ஸ்டார்வால் பண்ணை

பொதுப் புல்வெளியை ஜோசையா புரூவெட் வேலி போட்டு வளைத்துக்கொண்ட வருஷம், என் தங்கை டார்கஸின் பசு மேய இடமில்லாமல் செத்தது. பாலும் போயிற்று. குளிர்காலம் முடிவதற்குள் அவள் குழந்தையும் போயிற்று. அந்தப் பாவியோ அங்கே வீடு கட்டி, 'பிராஸ்பெக்ட் பண்ணை' என்று பலகை மாட்டினான். கண்ணுக்கு அழகான காட்சி என்று அர்த்தமாம்!

என்னிடம் இருந்தது வாய் ஒன்றுதான். குழந்தையைப் புதைத்த அன்றே அந்த இடத்துக்கு 'ஸ்டார்வால்' என்று பெயர் வைத்தேன். எல்லாரையும் பட்டினி போடுகிற இடம் என்று அர்த்தம். கிணற்றடியில், சந்தையில், மதுக்கடை வாசலில் அதையே சொன்னேன். ஊருக்கும் வயிறு எரிந்துகொண்டுதானே இருந்தது! சீக்கிரமே எல்லார் வாயிலும் அதுதான்.

பிறகு, நாட்டுக்கே வரைபடம் போடும் அதிகாரி எங்கள் ஊருக்கும் வந்தார். இடத்தின் பெயரைச் சொந்தக்காரன் சொல்வதை மட்டும் வைத்து எழுத மாட்டார்களாம், ஊராரையும் கேட்பார்களாம். அது தெரிந்ததும் புரூவெட் என் வீட்டுக்கு ஓடிவந்தான்.

"கெசையா, நீ சொன்னா ஊர் கேக்கும். எல்லாரையும் பிராஸ்பெக்ட்னு சொல்லச் சொல்லு. உன் தங்கச்சிக்குக் கறவை மாடு ஒண்ணு தர்றேன்."

"மாடு எங்க மேயும்? உன் தலையிலயா?"

"பழசைக் கிளறாதேம்மா."

"இப்ப அம்மாவா? வேலிகிட்ட வந்தா நாயை விடுவேன்னு அவளை வெரட்டினவன்தானே நீ! வேலியைப் பிடுங்கு, நானே பேரை மாத்தறேன்."

"அது மட்டும் நடக்காது."

"அப்ப இதுவும் நடக்காது. போய்யா!"

அதிகாரிக்கு வாத்து வறுத்து விருந்து வைத்தான். அவர் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு ஊருக்குள் வந்து கொல்லனைக் கேட்டார், பாதிரியாரைக் கேட்டார், டார்கஸையும் கேட்டார். குழந்தை போனதிலிருந்து வெளியாட்களிடம் வாயே திறக்காதவள் அவள்.

"ஸ்டார்வால்ங்க," என்றாள், தெளிவாக. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வரைபடம் அப்படியே அச்சாகி வந்தது. புரூவெட் மேலதிகாரிகள் வரை போய்க் கெஞ்சினான், ஒன்றும் நடக்கவில்லை. நன்றாக வேணும்! அந்தப் பெயரிலேயே வாழ்ந்து, அந்தப் பெயரிலேயே செத்தான். அவனுடைய பெரியப்பா மகனுக்கும் ஜோசையா புரூவெட் என்றுதான் பெயர். அவரும் அதே கல்லறைத் தோட்டத்தில்தான் கிடக்கிறார். ஆள் மாறிப் போகக்கூடாதென்று, இவன் பெற்ற மகனே அப்பன் கல்லில் பண்ணைப் பெயரையும் சேர்த்துச் செதுக்கச் சொல்லிவிட்டான்.

டார்கஸைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்களுக்குப் படிக்கத் தெரியாது. பாதிரியார்தான் படித்துக் காட்டினார்: 'ஸ்டார்வால் ஜோசையா புரூவெட்.'

"இன்னொரு தடவை படிங்கய்யா," என்றாள் டார்கஸ்.