வாளியில் மீந்த எண்ணெய்

வார்னா துறைமுகத்தில் இறங்கும் சமையல் எண்ணெய் எதுவும் ஸ்லாதினாவின் கையெழுத்து இல்லாமல் சுங்கத்தைத் தாண்டாது. கப்பல் தொட்டியிலிருந்து வாளியில் எடுத்த எண்ணெயை மூன்று புட்டிகளில் ஊற்றி முத்திரை வைப்பாள். ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று இறக்குமதியாளருக்கு, ஒன்று அலுவலக அலமாரிக்கு. வாளியில் மீந்ததைக் கொட்டி அழித்துவிட்டதாகவும் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். கொட்டியதை மட்டும் இதுவரை யாரும் பார்த்ததில்லை. நல்ல சூரியகாந்தி எண்ணெயைச் சாக்கடையில் ஊற்ற யாருக்கு மனசு வரும்? அவளும் துறைமுக ஆட்களும் தண்ணீர் பாட்டிலில் அடைத்து ஆளுக்கொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஆய்வக முடிவு வராமல் ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது என்று வியாபாரிகளை விரட்டி அடிக்கிற அதே புண்ணியவான்கள்தான்.

சனிக்கிழமை காலையில் அவள் அலுவலகத்தில் இருந்தபோது ஆய்வகத்திலிருந்து தெயான் கூப்பிட்டான்.

"அக்கா, வியாழக்கிழமை வந்த கப்பலை நிறுத்திடுங்க. எண்ணெய்ல டிரான்ஸ்பார்மர் ஆயில் கலந்திருக்கு."

"என்னடா உளர்ற? தொட்டியில இதுக்கு முன்னாடி சோயா எண்ணெய்தான் ஏத்தினோம்னு காகிதம் குடுத்தாங்களே!"

"பொய்க் காகிதம்க்கா. கல்லீரலையே தின்னுடும். நல்லவேளை, ஒருத்தர் வாயிலயும் படல."

வியாழக்கிழமை சாயங்காலம் சமையலறையில் அவள் வைத்த பாட்டில் கண்முன்னே நின்றது. கணவன் யாவோரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

வீட்டுக்கு ஓடினாள். போன் சமையல் மேடையில் கிடந்தது. பக்கத்தில் அந்தப் பாட்டில், காலியாக. வீடு முழுக்க மெகிட்சி அப்பம் பொரித்த வாசனை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: இன்று இறந்தவர்களின் சனிக்கிழமை. ஊரே பொரித்ததையும் வேகவைத்த கோதுமையையும் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கும். செத்தவர்கள் பேரில் எதிர்ப்பட்டவருக்கெல்லாம் கொடுக்கும்.

டாக்சியில் உட்கார்ந்து, 'கடவுளே, என் பிள்ளை சாப்பிட்டிருக்கக் கூடாது' என்று முனகிக்கொண்டே போனாள். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

மாமியாரின் கல்லறை அருகே யாவோர் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தான். தட்டில் பாதி காலி. எட்டு வயது பில்யானாவின் உதட்டில் சர்க்கரைத் தூள் ஒட்டியிருந்தது.

"எத்தனைடி தின்னே?"

"ரெண்டும்மா. ஏம்மா கத்துற?"

ஸ்லாதினா கணவன் பக்கம் திரும்பினாள். "யாவோர், இவளைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. அந்த எண்ணெய் விஷம்!"

"நீதானே கொண்டாந்த?" என்றான் அவன். முகம் வெளுத்துப்போய்க் குழந்தையைத் தூக்கினான்.

கொடுத்ததை அப்பம் கருகிவிட்டது என்று சொல்லி ஒவ்வொருவரிடமும் திரும்ப வாங்கிவிடலாமா என்று அந்த நிலைமையிலும் ஸ்லாதினாவுக்கு ஒரு யோசனை ஓடியது. காரணம், இரண்டு கல்லறை தள்ளி அவளுடைய மேலதிகாரி தோபாலோவ் நின்றிருந்தார். பில்யானா கொடுத்த மெகிட்சி அவர் கையில், இன்னும் கடிபடாமல். வாயைத் திறந்தால் வேலை போகும், வழக்கு வரும். திறக்காவிட்டால் அவர் கடிப்பார். வரிசைக் கடைசியில் ஒரு கிழவர் ஏற்கெனவே மென்றுகொண்டிருந்தார்.

ஸ்லாதினா கல்லறை விளிம்பில் ஏறி நின்றாள்.

"எங்க தட்டுல வாங்கினதை யாரும் சாப்பிடாதீங்க! துப்பிடுங்க! அது கப்பல் எண்ணெய், விஷம். அழிச்சுட்டேன்னு எழுதிட்டு நான்தான் வீட்டுக்குக் கொண்டு போனேன்!"

தோபாலோவ் திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டுத் தொலைவில் எங்கோ பார்த்தார். அங்கே அவருடைய மருமகள் ஒரு பெரிய தட்டோடு வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனாள்.

"வியாழக்கிழமை கப்பலா?" என்றார். "எனக்கும் ஒரு பாட்டில் அனுப்பியிருந்தாங்க, ஸ்லாதினா."

கிரேன் ஓட்டுபவனின் மனைவி தன் தட்டைப் புல்லில் வைத்தாள். பிறகு தொட்டியிலிருந்து வாளியில் எண்ணெய் எடுக்கிறவனின் தம்பி வைத்தான். பிறகு சுங்கக் காவலாளியின் அம்மா. துறைமுகக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு, தங்கள் பிள்ளைகளின் வாயைப் பார்த்தன.