பால் குடிக்கும்போது வியர்த்தால்

நீடாமங்கலத்தை அடுத்த கிராமத்துத் தெருவில் காலை ஒன்பது மணிக்கே மைக் செட் அலறியது. செந்தாமரையின் மகளை இன்று தொட்டிலில் போட்டுப் பெயர் வைக்கிறார்கள். பிறந்த இருபதாம் நாள் இதய ஆபரேஷன் நடந்த குழந்தை. "பொட்டப்புள்ள, அதுவும் நெஞ்சக் கிழிச்சது, தங்கவா போவுது" என்று அன்றைக்குக் கைகழுவிய சொந்தக்காரர்கள்தான் இப்போது பந்தியில் இரண்டாம் தடவை கேசரி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

உள்ளறையில் பால் கொடுத்த செந்தாமரை குழந்தையின் நெற்றியைத் தொட்டாள். வியர்வை. நாலு வாய் குடிப்பதும் மூச்சு வாங்குவதுமாக இருந்தது பிள்ளை. இப்படி இருந்தால் உடனே வரவேண்டும் என்று, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது வார்டு நர்ஸ் சொல்லியிருந்தார்.

குளிப்பாட்டி மருந்து ஊற்றுவது கணவனின் அக்கா வேம்புவின் வேலை.

"அண்ணி, நீர் போறதுக்கான சொட்டு மருந்து குடுத்தீங்கல்ல?"

"நாலு நாளா நிறுத்திட்டேன் தாமர. சும்மா சும்மா ஒண்ணுக்குப் போனா புள்ள எளச்சிப் போவாதா? வசம்பு ஒரசி ஊத்துறேன். இது புழுக்கத்துல வேர்க்குது."

வேம்பு கெட்டவள் இல்லை. பாசத்தில்தான் செய்தாள். ஆனால் பாசம் மருந்துச் சீட்டைப் படிப்பதில்லை.

செந்தாமரை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வேம்பு வழிமறித்தாள். "தொட்டில்ல போடாம வெளிய தூக்கிட்டுப் போனா ஆவாது. நல்ல நேரம் போயிரும்."

"நல்ல நேரம் நாளைக்கும் வரும். எம்புள்ள வரமாட்டா. தள்ளுங்க அண்ணி."

கணவன் பகலவன் அக்காவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வாசலில் விருந்தாளி வந்து இறங்கிய காரை ஓடிப்போய் நிறுத்தினான். வேம்புவும் ஏறிக்கொண்டாள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹமீதா பானு ஊசி போட்டு, குழந்தையின் மூச்சு சீராகும்வரை பக்கத்திலேயே நின்றார். "நுரையீரல்ல நீர் கோத்திருக்கு. நாளைக்கு வந்திருந்தா கஷ்டம்."

"நாந்தான் மருந்த நிறுத்துனேன் டாக்டரம்மா." வேம்பு முன்னால் வந்து சொன்னாள்.

"ஆபரேஷன் பாதிதாம்மா. மீதி உங்க வீட்டுல இருக்கு. எங்களக் கேக்காம ஒரு சொட்டுகூட நிறுத்தக் கூடாது. நெத்தி வேர்த்தாலோ ஒதடு நீலமானாலோ காத்திருக்கக் கூடாது. ஒழுங்காப் பாத்துக்கிட்டா இவ ஓடுவா, பள்ளிக்கூடம் போவா."

மாலையில் பிள்ளை மூச்சுத் திணறாமல் பால் குடித்தது. அப்போது ஊரிலிருந்து போன் வந்தது. சகுனம் சரியில்லையாம், பெயர் வைப்பதைத் தள்ளிப் போடச் சொன்னார்கள். வேம்பு போனைக் கையில் பிடித்தபடியே கட்டிலருகே குனிந்தாள். அத்தை சொல்லவேண்டிய பெயரை மூன்று முறை குழந்தையின் காதில் சொன்னாள். "மகிழினி. மகிழினி. மகிழினி."

பிறகு போனில் சொன்னாள்: "பேரு வச்சாச்சு. தங்குமான்னு கேட்டீங்கள்ல? தானாத் தங்காது. மருந்து குடுத்து, சொன்ன தேதிக்குக் கூட்டியாந்து, நாமதான் தங்க வைக்கணும். நாங்க வைப்போம்."